"பால் பத்தலை" என்று முடிவு கட்டுவதற்கு முன்: பிறந்த குழந்தைக்குப் பால் கொடுக்க முழு வழிகாட்டி

பிரசவ வார்டில் இரண்டாம் நாள் சாயங்காலம் பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை அழுதுகிட்டே இருக்கே, பால் பத்தலை போல" என்று சொல்லாமல் போகமாட்டார். சொன்னவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார், அன்று ராத்திரியே வீட்டுக்காரர் பவுடர் டப்பா வாங்க மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுவார். அழுகையை வைத்துப் பால் அளவைக் கணக்குப் போட முடியாது. கணக்குப் போட வேறு வழிகள் இருக்கின்றன, அவற்றை வீட்டிலேயே பார்க்கலாம். உண்மையிலேயே பால் போதவில்லை என்று தெரிந்தால் பவுடர் பால் கொடுப்பதில் பாவம் எதுவும் இல்லை, ஆனால் சுத்தமாக, சரியான அளவில் கொடுக்க வேண்டும். இரண்டையும் முதலிலிருந்து பார்ப்போம்.

முதல் ஒரு மணி நேரம்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறந்தவுடன் குழந்தை நல்ல விழிப்பில் இருக்கும், அப்புறம் நீளமாகத் தூங்கப் போய்விடும். அந்த விழிப்பை வீணாக்கக் கூடாது. துடைத்துவிட்டு, துணி சுற்றாமல், அம்மாவின் வெறும் மார்பின் மேல் குப்புறப் போட்டு இருவரையும் சேர்த்து ஒரு போர்வையால் மூடினால் போதும். முகம் மட்டும் வெளியே தெரிய வேண்டும். சிறிது நேரத்தில் குழந்தை தானாகவே தலையை அசைத்து, வாயைத் திறந்து தேட ஆரம்பிக்கும்.

சிசேரியன் என்றாலும் இது முடியும். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவையில் அம்மா விழிப்பாகத்தான் இருப்பார். ஆனால் நாம் கேட்காவிட்டால் பல இடங்களில் குழந்தையைத் துடைத்துச் சுற்றி வெளியே நிற்கும் பாட்டியின் கையில் கொடுத்துவிடுவார்கள், அம்மா வார்டுக்கு வர மூன்று மணி நேரம் ஆகும். அதனால் தியேட்டருக்குள் போவதற்கு முன்பே டாக்டரிடமும் செவிலியரிடமும் சொல்லி வையுங்கள். முழு மயக்கம் கொடுத்திருந்தால், அம்மாவுக்குத் தெளிந்து குழந்தையைப் பிடிக்கும் நிலை வந்ததும் தொடங்கலாம்.

இந்த நேரத்தில் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாக வரும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்குக் குழந்தை குடிப்பது 2 முதல் 10 மில்லி, அதாவது அரை டீஸ்பூனிலிருந்து இரண்டு டீஸ்பூன் வரைதான். இரண்டாம் நாள் 5–15 மில்லி, மூன்றாம் நாள் 15–30 மில்லி என்று ஏறும். பால் நன்றாக இறங்குவது மூன்றாம் நான்காம் நாளில்தான், சிசேரியனில் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகலாம். ஆகவே இரண்டாம் நாள் மார்பு தளர்வாக இருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைய இருக்கின்றன. "பழைய பால், கெட்ட பால்" என்று அதைப் பீய்ச்சிக் கொட்டும் வீடுகள் இன்னும் இருக்கின்றன, அதைச் செய்ய விடாதீர்கள்.

சேனை வைப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தாய்மாமனோ தாத்தாவோ சர்க்கரைத் தண்ணீர் அல்லது தேன் தொட்டு நாக்கில் வைக்கும் சடங்கு. அன்பில் செய்வதுதான், ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா விதை ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கலாம். ஒரு சொட்டும் வேண்டாம். தாத்தா மனம் கோணாமல் இருக்க, சேனையை அம்மாவின் சீம்பாலிலேயே தொட்டு வைக்கச் சொல்லுங்கள், சடங்கும் ஆச்சு. தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கில் கறந்து கொடுக்கும் கழுதைப்பாலும் காய்ச்சாத பச்சைப்பால். மஞ்சள் காமாலையும் வராது, சளியும் பிடிக்காது என்பதெல்லாம் வெறும் பேச்சு.

மார்பில் பிடிக்க வைப்பது எப்படி

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். காம்பு வெடிப்பது, பால் கட்டுவது, எடை ஏறாதது என்று பின்னால் வரும் பாதித் தொல்லைகளுக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் அம்மா வசதியாக உட்கார வேண்டும். முதுகுக்குத் தலையணை, கால் தொங்காமல் ஒரு முக்காலி, மடியில் இன்னொரு தலையணை. மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் குனியாதீர்கள், குழந்தையை மார்புக்குத் தூக்குங்கள். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். மல்லாந்து படுத்தபடி கழுத்தை மட்டும் திருப்பிக் குடித்தால் விழுங்க முடியாது, வேண்டுமானால் நீங்களே தலையைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்துப் பாருங்கள்.

அடுத்து, குழந்தையின் மூக்கு காம்புக்கு நேரே வருகிற மாதிரி வைத்து, காம்பால் மேலுதட்டை லேசாகத் தடவுங்கள். அவசரப்படாமல் காத்திருங்கள். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறக்கும், அந்த நொடியில் குழந்தையின் முதுகையும் தோளையும் தாங்கி மார்போடு சேர்த்துவிடுங்கள், தாடை முதலில் படட்டும். தலையின் பின்பக்கத்தைப் பிடித்து அழுத்த வேண்டாம், அழுத்தினால் திமிறும்.

சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் புதைந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேல்பக்கம் அதிகமாகவும் கீழ்ப்பக்கம் குறைவாகவும் தெரியும். கன்னம் உப்பலாக இருக்கும், குழி விழாது. முதலில் வேகவேகமாகச் சப்பும், அப்புறம் பால் இறங்கியதும் ஆழமாக இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, விழுங்கும். அமைதியான அறையில் அந்த விழுங்கும் சத்தம் நன்றாகக் கேட்கும். முதல் சில நொடி சுருக்கென்று இருக்கலாம், ஆனால் தொடர்ந்து வலித்தால் குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காதீர்கள். சுண்டு விரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடிப்பை விடுவித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். இப்படி ஒரே வேளையில் நாலைந்து தடவை செய்ய வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

சிசேரியன் தையல் உள்ளவர்களுக்கு இரண்டு நிலைகள் சௌகரியம். ஒன்று, பக்கவாட்டில் படுத்துக்கொண்டு குழந்தையையும் பக்கவாட்டில் உங்களை நோக்கிப் படுக்க வைப்பது. இன்னொன்று, குழந்தையின் உடலை உங்கள் அக்குளுக்கடியில், கால்கள் உங்கள் முதுகுப்பக்கம் போகிற மாதிரி இடுக்கிக்கொள்வது, தையலில் உதைபடாது. இரட்டைக் குழந்தைகளுக்கும் இந்த இடுக்கும் நிலை நன்றாக ஒத்துவரும்.

காம்பு தட்டையாக இருக்கிறது என்று சொல்லிப் பலரைப் பயமுறுத்துகிறார்கள். குழந்தை குடிப்பது காம்பை அல்ல, கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறைய மார்பைத்தான். தட்டைக் காம்போடு நிம்மதியாகப் பால் கொடுக்கும் அம்மாக்கள் எத்தனையோ பேர். காம்பு உள்ளே போயிருந்தால், சிரிஞ்சின் நுனியை வெட்டித் திருப்பி வைத்து வெளியே இழுக்கும் முறை ஒன்று உண்டு, செவிலியரைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

எத்தனை தடவை, எவ்வளவு நேரம்

24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. "இரண்டு மணிக்கு ஒரு தடவை" என்பதைக் கடிகாரத்தில் அலாரம் வைத்துப் பிடிக்க வேண்டியதில்லை, சில குழந்தைகள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அரை மணிக்கு ஒரு தடவை கேட்கும், அப்புறம் மூன்று மணி நேரம் தூங்கும். அது இயல்பு. கையை வாய்க்குக் கொண்டுபோவது, நாக்கை நீட்டுவது, தலையைத் திருப்பித் தேடுவது எல்லாம் பசியின் முதல் அறிகுறி. அழுகை கடைசி அறிகுறி. வீறிட்டு அழும் குழந்தையால் சரியாகப் பிடிக்க முடியாது, முதலில் மார்பில் சாய்த்து அமைதிப்படுத்திவிட்டுப் பிறகு கொடுங்கள்.

ஒரு பக்கம் முழுதாகக் குடித்து முடிக்க விடுங்கள். தானாக விட்ட பிறகு அடுத்த பக்கம் கொடுங்கள், வேண்டுமானால் குடிக்கும், வேண்டாம் என்றால் விட்டுவிடும். பத்து நிமிடம் ஆனவுடன் இழுத்து மாற்றுவதால், கடைசியில் வரும் கொழுப்பு அதிகமுள்ள பால் கிடைக்காமல் போகும். அடுத்த வேளை மற்றப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எந்தப் பக்கம் என்று மறக்காமல் இருக்க வளையலையோ ரப்பர் பேண்டையோ கை மாற்றிப் போட்டுக்கொள்வது எளிது.

தூங்குமூஞ்சிக் குழந்தைகளை நம்பாதீர்கள். பிறந்த எடையைத் திரும்பப் பிடிக்கும் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்க விடாமல் எழுப்பிக் கொடுக்க வேண்டும். சுற்றிய துணியைக் கழற்றி, உள்ளங்காலைத் தேய்த்து, ஈரத் துணியை மாற்றினால் விழிக்கும். நல்ல பிள்ளை, அழுவதே இல்லை என்று பெருமைப்படும் வீட்டில்தான் சில சமயம் எடை இறங்கிக்கொண்டிருக்கும்.

போதுகிறதா? துணியையும் தராசையும் பாருங்கள்

உள்ளே போவது தெரியாது, ஆனால் வெளியே வருவதை எண்ணலாம். முதல் நாள் ஒரு தடவை சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாறு நாள் ஆனபின் தினமும் குறைந்தது 6 தடவை நன்றாக நனைய வேண்டும். நிறம் வெளிறியிருக்க வேண்டும். துணி கட்டினால் எண்ணுவது சுலபம். டயாப்பர் போட்டால் நனைந்ததா என்றே தெரியாது, ஆகவே காய்ந்த டயாப்பர் ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரை ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள், அந்தக் கனம்தான் ஒரு நனைந்த டயாப்பரின் கனம். முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல் பொடி மாதிரிக் கறை தெரிந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, அதற்குப் பிறகும் தெரிந்தால் குழந்தைக்குப் போதவில்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மலம் முதலில் தார் மாதிரி கருப்பாக வரும். மூன்றாம் நாள்வாக்கில் பச்சையாக மாறி, நான்கு ஐந்தாம் நாளில் மஞ்சளாக, சிறு விதை கலந்த மாதிரி இளகலாகப் போகும். முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை போவதும், ஒவ்வொரு தடவை குடித்ததும் போவதும் சாதாரணம், அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணிப் பாலை நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் நாளிலும் கருப்பாகவே போனால்தான் கவலை.

அடுத்தது எடை. எல்லாக் குழந்தைகளும் முதல் சில நாட்களில் எடை இறங்கும். 3 கிலோவில் பிறந்த குழந்தை 2 கிலோ 800 வரை வந்தால் பதறத் தேவையில்லை. பிறந்த எடையில் 10 சதவீதத்தை நெருங்கினால், அதாவது இந்தக் குழந்தைக்கு 300 கிராம் இறங்கினால், பிடிப்பை யாராவது தெரிந்தவர் உட்கார்ந்து கவனிக்க வேண்டும், மேல்பால் தேவையா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும், பிறகு ஒரு நாளைக்கு 20–30 கிராம் ஏற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துத் தராசு போதும், கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போதும் போட்டுப் பார்க்கலாம். ஒரே தராசில், உடுப்பில்லாமல் போடுங்கள்.

துணி நனைகிறது, எடை ஏறுகிறது என்றால் ராத்திரி எத்தனை தடவை அழுதாலும் பால் போதுகிறது. மார்பு தளர்ந்துவிட்டது, பம்ப்பில் 20 மில்லிதான் வருகிறது, பாட்டிலைக் கொடுத்தால் கடகடவென்று குடிக்கிறது என்பதெல்லாம் சான்று ஆகாது. பாட்டில் நிப்பிளை வாயில் வைத்தால் வயிறு நிறைந்த குழந்தையும் சப்பத்தான் செய்யும்.

பால் ஊறுவதும் பத்தியமும்

எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அவ்வளவு ஊறும், சூத்திரம் இதுதான். இதனால்தான் "பத்தலை" என்று பவுடர் கொடுக்க ஆரம்பித்தால் குழந்தை மார்பில் குடிப்பது குறைந்து, உண்மையாகவே பத்தாமல் போகிறது. ராத்திரிப் பாலை விட்டுவிடாதீர்கள், பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும்.

பால் சுறா புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள். குழந்தையை மார்பில் போடாமல் சுறா புட்டை மட்டும் சாப்பிட்டால் பால் வராது. பால் கொடுக்கும் அம்மாவுக்கு வழக்கத்தைவிட 500–600 கலோரி கூடுதலாக வேண்டும், அந்த நேரம் பார்த்து "பச்சை உடம்பு" என்று தண்ணீரைக் குறைப்பதும், பழம் வேண்டாம், பருப்பு வேண்டாம் என்று இட்லியும் மிளகு ரசமுமாக ஓட்டுவதும் எனக்கு ஒப்பவே இல்லை. தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடியுங்கள், பால் கொடுக்க உட்காரும்போதே பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் அரசு சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

காம்புப் புண், பால் கட்டு

காம்பு வெடித்திருந்தால் முதலில் பிடிப்பைத் திருத்துங்கள், களிம்பு எல்லாம் அப்புறம். கொடுத்து முடித்ததும் கடைசிச் சொட்டுப் பாலைத் தடவிக் காற்றில் உலர விடுங்கள், சோப்பு போட்டுக் கழுவாதீர்கள். பிடிப்பு சரியாக இருந்தும் வலி தீரவில்லை என்றால் குழந்தையின் நாக்குக்கடியில் உள்ள சவ்வு குட்டையாக இருக்கிறதா, வாயில் வெள்ளை படர்ந்திருக்கிறதா என்று டாக்டரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நான்காம் நாளில் மார்பு கல் மாதிரி இறுகிவிட்டால் குழந்தையால் கவ்வ முடியாது. வெதுவெதுப்பான துணியைச் சில நிமிடம் வைத்து, கையால் கொஞ்சம் பீய்ச்சிக் கருவட்டத்தை இளக்கிவிட்டுக் கொடுங்கள். கொடுத்தபின் குளிர்ந்த துணி ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். பால் கட்டினால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்வார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். அது பாலை வற்ற வைக்கிற வைத்தியம். குழந்தையை இழந்த அம்மாக்களுக்கு நம் பக்கம் செய்து வந்தது, வேலை செய்கிறது என்று 1988-இல் வெளிவந்த ஒரு மருத்துவ ஆய்வும் சொன்னது. ஒரு இடம் மட்டும் சிவந்து, வலித்து, அம்மாவுக்குக் காய்ச்சல் குளிர் வந்தால் டாக்டரைப் பாருங்கள், ஆனால் அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் சீழ் கட்டும் அபாயம்தான் கூடும்.

பீய்ச்சி எடுத்து வைப்பது

குறைமாதக் குழந்தை என்.ஐ.சி.யூ.வில் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்தால், அல்லது மார்பில் இன்னும் பிடிக்கவில்லை என்றால், பிறந்த சில மணி நேரத்திலேயே பீய்ச்சத் தொடங்க வேண்டும், ராத்திரியும் சேர்த்து நாளைக்கு எட்டுத் தடவையாவது. முதல் நாட்களில் பம்ப்பைவிடக் கை நல்லது, சீம்பால் பம்ப் குழாயிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, கட்டைவிரலைக் கருவட்டத்தின் மேலும் ஆள்காட்டி விரலைக் கீழுமாக, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விடுங்கள். தோலின் மேல் விரலை வழுக்கித் தேய்க்காதீர்கள், காம்பைப் பிதுக்கவும் வேண்டாம். முதல் சில தடவை ஒன்றும் வராது, விடாமல் செய்தால் சொட்ட ஆரம்பிக்கும். கொதிக்க வைத்த அகல வாய் எவர்சில்வர் கிண்ணத்தில் பிடியுங்கள்.

25 டிகிரிக்கு மேல் போகாத அறையில் 4 மணி நேரம் வைக்கலாம். நம் ஊர் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறை அப்படி இருக்காது, ஆகவே உடனே கொடுங்கள் அல்லது உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். ஃபிரிட்ஜில் 4 நாள் தாங்கும் என்பது பொதுக் கணக்கு, கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே தள்ளி, தேதி நேரம் எழுதி வையுங்கள். எடுத்ததும் பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள், அடுப்பிலோ மைக்ரோவேவிலோ அல்ல. மேலே கொழுப்பு தனியாக மிதந்தால் கெட்டுப்போகவில்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை வாய் வைத்த மீதியை 2 மணி நேரத்துக்குப் பிறகு கொட்டிவிடுங்கள்.

அம்மாவுக்குப் பாலே இல்லாத குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கி உண்டு. ஆசியாவின் முதல் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது, இப்போது சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்படத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது. தானம் கொடுப்பவரைப் பரிசோதித்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிப் பதப்படுத்திய பிறகுதான் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் வாங்கி நேரடியாகக் கொடுப்பது இதற்கு ஈடாகாது.

பாலாடை

பீய்ச்சிய பாலோ பவுடர் பாலோ, புதிதாகப் பிறந்த குழந்தைக்கு நான் முதலில் சொல்வது பாலாடைதான். பாட்டி வீட்டுப் பரணில் கிடக்கும் அதே மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். இந்தியாவெங்கும் என்.ஐ.சி.யூ.க்களில், கர்ப்ப வாரக் கணக்கில் ஏறக்குறைய 32 முதல் 34 வாரக் குறைமாதக் குழந்தைகளுக்கு, இதே பெயரைச் சொல்லித்தான் பயன்படுத்துகிறார்கள். சப்பி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் ஒத்து நடத்த 34 வாரம் போல ஆக வேண்டும், அதுவரை மார்பில் முழுதாகக் குடிக்கச் சிரமப்படும். பாலாடையில் இடுக்கு இல்லை, தேய்த்துக் கழுவி 10 நிமிடம் கொதிக்க வைத்தால் சுத்தம்.

முறை தெரிந்து கொடுக்க வேண்டும். குழந்தை விழித்திருக்க வேண்டும், தலையைத் தாங்கி ஏறக்குறைய நிமிர்ந்த நிலையில் மடியில் வையுங்கள். பாலாடையில் பாதிக்குமேல் ஊற்றாதீர்கள். பாலாடையின் மூக்கைக் குழந்தையின் வாயோரத்தில், கீழுதட்டின் மேல் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். கொஞ்சம் உள்ளே போனதும் நிறுத்தி, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. காலை நீட்டி, குழந்தையை மல்லாக்கப் போட்டு, கன்னத்தை அமுக்கி வாயில் ஊற்றுவதும் மூக்கைப் பிடிப்பதும் சில வீடுகளில் இன்னும் நடக்கிறது. புரையேறிப் பால் நுரையீரலுக்குப் போகும், உயிருக்கே ஆபத்து.

பவுடர் பால் என்றால்

டாக்டர் சொல்லியோ, வேறு வழியில்லாமலோ, நீங்களே முடிவு செய்தோ பவுடர் பால் கொடுக்கிறீர்கள், சரி. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எந்த பிராண்ட் என்று ரொம்பத் தலையை உடைத்துக்கொள்ளவும் வேண்டாம், பிறந்த குழந்தைக்கு என்று போட்டிருக்கும் முதல் நிலை பவுடர் போதும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் இதற்கு விளம்பரம் செய்யவோ இலவச டப்பா கொடுக்கவோ கூடாது, டப்பாவில் குழந்தைப் படம்கூடப் போடக் கூடாது. ஆஸ்பத்திரியில் யாராவது இலவசமாக நீட்டினால் அது சட்டவிரோதம்.

பவுடர் கிருமியில்லாத பொருள் அல்ல என்பதை மனதில் வையுங்கள், அதனால்தான் வெந்நீர். பாட்டில், நிப்பிள், மூடி எல்லாவற்றையும் பிரித்து, பிரஷும் சோப்பும் போட்டுத் தேய்த்து, முழுக்க மூழ்கும்படி தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். குடிநீரைத் தனியாகத் தளதளவென்று கொதிக்கவைத்து இறக்குங்கள். அரை மணிக்கு மேல் ஆற விடக் கூடாது, பவுடர் போடும்போது தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கிருமி சாவது அந்தச் சூட்டில்தான். கேன் தண்ணீரும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகு பவுடர். மாற்றிச் செய்தால் அளவு தப்பும். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி, உங்கள் டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். கரண்டியைக் கத்தியின் பின்பக்கத்தால் மட்டம் தட்டுங்கள், அமுக்கி நிரப்பாதீர்கள். கலக்கி, பாட்டிலை மூடி, குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாகத் தெரிந்தால் கொடுக்கலாம். கலந்த 2 மணி நேரத்துக்குள் தீராததைக் கொட்டுங்கள்.

டப்பா சீக்கிரம் தீருகிறது என்று தண்ணீரைக் கூட்டுவது மிகப் பெரிய தவறு. குழந்தை குடித்துக்கொண்டே மெலியும், ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். நன்றாகப் புஷ்டியாகட்டும் என்று ஒரு கரண்டி கூடப் போடுவதும் அதே அளவு ஆபத்து, சிறுநீரகம் தாங்காது. அளவு என்று பார்த்தால், முதல் வாரம் கழிந்தபின் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 மில்லி. 3 கிலோ குழந்தைக்கு 450 மில்லி, எட்டு வேளையாகப் பிரித்தால் 55–60 மில்லி. ஒரு வேளை குறைத்துக் குடித்தால் வற்புறுத்தித் திணிக்க வேண்டாம்.

பாட்டிலில் கொடுக்கும்போது குழந்தை பாதி நிமிர்ந்திருக்கட்டும், பாட்டிலைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் பிடியுங்கள், நிப்பிள் நிறையப் பால் இருந்தால் போதும். மெதுவாக வரும் ஒற்றைத் துளை நிப்பிளை வாங்குங்கள், ஊசியைச் சுட்டுத் துளையைப் பெரிதாக்காதீர்கள். நாலைந்து விழுங்கலுக்கு ஒரு தடவை பாட்டிலைத் தாழ்த்தி மூச்சுவிட நேரம் கொடுங்கள். தலையணையில் பாட்டிலை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவது கூடவே கூடாது. மார்பிலும் கொடுக்க நினைப்பவர்கள், மார்புப் பழக்கம் நன்றாகப் படியும் வரை, மூன்று நான்கு வாரத்துக்காவது, பாட்டிலைத் தள்ளிப்போட்டுப் பாலாடையிலேயே சமாளிப்பது நல்லது.

குடித்த பிறகு

தோளில் சாய்த்து முதுகைத் தடவுங்கள், ஏப்பம் வரும். ஐந்து பத்து நிமிடம் பார்த்தும் வராவிட்டால் விட்டுவிடலாம், மார்பில் குடிக்கும் குழந்தைகளுக்குப் பல நேரம் ஏப்பமே வராது. இந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டால் அம்மாவுக்குக் கண்ணயரக் கால் மணி நேரம் கிடைக்கும். கொஞ்சம் கக்குவது சாதாரணம். தூங்க வைக்கும்போது எப்போதும் மல்லாக்க.

ஆறு மாதம் வரை பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம், வெயில் காலத்திலும்தான், பாலிலேயே தேவையான தண்ணீர் இருக்கிறது. கிரைப் வாட்டர், உரை மருந்து, வசம்பு, எதுவும் வேண்டாம். பசும்பாலும் பாக்கெட் பாலும், தண்ணீர் கலந்தாலும் கலக்காவிட்டாலும், ஒரு வயது வரை தாய்ப்பாலுக்கு மாற்று ஆகாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்து, நாளைக்கு 400 யூனிட், அது மட்டும் விதிவிலக்கு. அந்தச் சொட்டுக் குழாயின் அளவு பிராண்டுக்கு பிராண்ட் மாறும், மெடிக்கல் ஷாப்பில் வேறு பாட்டில் மாற்றிக் கொடுத்தால் மறுபடி கேட்டுக்கொள்ளுங்கள்.

உடனே கிளம்ப வேண்டியவை

நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று குடிக்க மறுத்தால் காலை வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, ஐந்தாறு நாள் ஆனபின் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பச்சை நிறத்தில் வாந்தி, 38 டிகிரி அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், உடம்பு சில்லிட்டிருப்பது, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சுவிடும்போது நெஞ்சு உள்ளே குழிவது, வலிப்பு, இவற்றில் எது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரி. முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தாலும் அப்படித்தான். வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நாளைக் கடத்தாதீர்கள், வெயில் அதற்குச் சிகிச்சை அல்ல.

108-க்குப் போன் செய்துவிட்டு, வண்டி வரும் வரையிலும் போகும் வழியிலும் குழந்தையை அம்மாவின் வெறும் மார்போடு அணைத்து, தொப்பி போட்டு, மேலே துணியால் மூடி வைத்திருங்கள். விழிப்பாக இருந்து, சப்ப முடிந்தால் பால் கொடுத்துக்கொண்டே போகலாம். துவண்டிருந்தாலோ மூச்சு வாங்கினாலோ பச்சையாக வாந்தி எடுத்திருந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கடைசியாக எப்போது குடித்தது, எப்போது துணி நனைந்தது என்று போகிற வழியிலேயே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும்.